கட்டியின் அளவும் வலியின் அளவும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே செல்லும் இரயில் பாதையை ஒட்டி, நெல்வயலும் செம்பனையும் பழைய இரப்பர்த் தோட்டங்களின் மிச்சமுமாகப் பரந்து கிடக்கும் தாசேக் கெலுகோர் வட்டாரத்தில், மலாக்கோப் முதலிய தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்களுக்கு, அடிவயிற்று நோவு என்பது வைத்தியரிடம் போய்ச் சொல்ல வேண்டிய சங்கதியாக வெகுகாலம் தோன்றியதில்லை. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுக்காவிட்டால் அன்றைய கூலி போய்விடும். பெயர் கொடுத்துவிட்டாலோ, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்துக் காண்டா வாளியைத் தோளிலேற்றிக்கொண்டு நிறுவைக்கு நடந்தாக வேண்டும். வலியென்று சுருண்ட பெண்ணுக்கு ஓமத் தண்ணீரும், கோடாலித் தைலமும், “பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்” என்ற ஆயாவின் தீர்ப்பும் கிடைத்தன; மிஞ்சிப் போனால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஊற்றிக் கொடுத்த மிக்சர். அவர்களுடைய பேத்திகள் இன்று பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள்; ஓமத் தண்ணீர் இருந்த இடத்தில் பனடோல் வந்திருக்கிறதே தவிர, ஆயாவின் தீர்ப்பு பல வீடுகளில் இன்னும் அமுலில்தான் இருக்கிறது. அப்பரடிகளை வருத்திய சூலை நோயிலிருந்து திருவதிகையில் அவருடைய தேவாரமே பிறந்தது என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நாம், வீட்டுப் பெண்ணின் சூலையை மட்டும் பிரகிருதியின் விதியென்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று.

அந்த நோவுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றான சூலகத்து நீர்க்கட்டியை இவ்வத்தியாயத்தில் ஆராய்வோம். ஆராயப் புகுமுன், ஏறக்குறைய எல்லோர் மனத்திலும் வேரூன்றியிருக்கும் ஒரு கருத்தை முதலிலேயே அகற்றிவிட வேண்டும்: கட்டி பெரிதானால் வலி பெரிது, வலி சிறிதானால் கட்டியும் சிறிது என்பது அந்தக் கருத்து. இது உண்மைக்கு வெகுதூரம்.

1809-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில், ஜேன் டாட் கிராபோர்டு என்ற நாற்பத்தைந்து வயது கடந்த குடியானவப் பெண்மணியை, இரட்டைக் குழந்தை வயிற்றிலிருப்பதாகவும் பிரசவ காலம் கடந்துவிட்டதாகவும் சுற்றியிருந்தோர் நம்பிக்கொண்டிருந்தபோது, இப்ராயிம் மெக்டவல் என்ற வைத்தியர் பரிசோதித்து, இது கர்ப்பமன்று, சூலகக் கட்டி என்று கண்டார். அம்மாது சுமார் 60 மைல் குதிரைமேல் பிரயாணம் செய்து டான்வில் நகரத்துக்கு வந்தார். கிறிஸ்துமஸ் நாளன்று, மயக்க மருந்து மேனாட்டில் வழக்கத்துக்கு வராத காலத்தில், சங்கீதங்களை ஓதியபடி மேசைமேல் படுத்திருந்த அவருடைய வயிற்றைத் திறந்து, இருபத்தைந்து நிமிஷத்தில் மெக்டவல் எடுத்த கட்டியின் மொத்த எடை இருபத்திரண்டரை ராத்தல், அதாவது ஏறத்தாழ 10 கிலோ. அம்மாது பிழைத்து மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது சஸ்திர சிகிச்சைச் சரித்திரத்தில் ஓர் அற்புதமாகப் பேசப்படுகிறது. நமக்கு இங்கே வேண்டியது வேறு: அவ்வளவு பெரிய கட்டியைச் சுமந்துகொண்டு ஒரு பெண் 60 மைல் குதிரையேற முடிந்தது, ஆனால் எலுமிச்சங்காய் அளவுகூட இல்லாத ஒரு கட்டி, நேரங்கெட்டு உடைந்தாலோ முறுக்கிக்கொண்டாலோ, திடகாத்திரமான இளம்பெண்ணை நிமிஷத்தில் தரையில் வீழ்த்திவிடும்.

இதற்குக் காரணம் நம் உள்ளுறுப்புகளின் உணர்ச்சி அமைப்பிலேயே இருக்கிறது. தோலைக் கிள்ளினால் கிள்ளிய இடம் இன்னதென்று மூளை உடனே அறிகிறது. சூலகத்துக்கோ அத்தகைய நுட்பம் இல்லை. அது மெல்ல மெல்ல வளரும் பாரத்தைப் பொருட்படுத்துவதில்லை. அதன் உறை சடுதியில் விம்மி இழுக்கப்படும்போதும், இரத்த ஓட்டம் தடைப்படும்போதும், அழற்சி காணும்போதும் மட்டுமே அது கூக்குரலிடுகிறது. அக்குரலும் தொப்புளைச் சுற்றியோ, இடுப்பிலோ, தொடையின் உட்புறத்திலோ, இடமறியாத மந்தமான வலியாகவே கேட்கிறது. கட்டி உடைந்து அதன் சரக்கு வெளியே வழிந்து, வயிற்றறையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் பட்டால், அப்போது வலி கூர்மையாகி ஒரே இடத்தில் நிலைகொள்ளும். இரத்தம் அதிகமாக வழிந்து மேலேறி உதரவிதானத்தைத் தொட்டுவிட்டால், அடிவயிற்று வியாதிக்குத் தோள்பட்டை நோகும் விசித்திரமும் நேர்வதுண்டு. ஆகவே, வலியானது கட்டியின் அளவைச் சொல்வதில்லை. கட்டிக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்கிறது.

நீர்க்கட்டி என்ற மாத்திரத்தில் நடுங்குபவர்கள் ஒன்றை அறிந்தால் ஆறுதல் பெறுவார்கள்: ருதுவான ஒவ்வொரு பெண்ணின் சூலகமும் மாதந்தோறும் ஒரு சிறு நீர்ப்பையைத் தானே உண்டாக்கித் தானே உடைத்துக்கொள்கிறது. பிறக்கும்போது பத்து முதல் இருபது இலட்சம் முட்டைக் கருக்களோடு பிறக்கும் பெண் குழந்தைக்குப் பூப்பெய்தும் வேளையில் மூன்று நான்கு இலட்சமே மிஞ்சியிருக்கும். அவற்றிலும் வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளிப்படுபவை ஏறத்தாழ நானூறுதான். ஒவ்வொரு முட்டையும் ஒரு நுண்பைக்குள் இருந்து வளர்கிறது. 1672-இல் இப்பைகளை விவரித்த டச்சு வைத்தியர் ரைனியர் டி கிராப் பையையே முட்டையென்று கருதினார். உள்ளிருக்கும் உண்மையான முட்டையை 1827-இல் கார்ல் வான் பேயர் கண்டுபிடிக்கும்வரை நூற்றைம்பது ஆண்டுகள் உலகமும் அப்படியே நம்பியது. முதிர்ந்த நுண்பை சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு விம்மி, மூளையடிச் சுரப்பியின் ஹார்மோன் பெருக்கால் உடைந்து முட்டையை வெளியேற்றும். இம்முறை தவறி, பை உடையாமல் நீர்கோத்து மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டால் அதுவே நீர்க்கட்டியின் முதல்வகை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் தானாகவே வற்றிப் போகும் இதற்குச் சிகிச்சை பொறுமைதான். பிள்ளைப்பேற்றுக்காக முட்டை முதிரும் மருந்து உண்பவர்களுக்கும், ஹார்மோன் சுரக்கும் கருத்தடைச் சாதனம் பொருத்திக்கொண்டவர்களுக்கும் இவ்வகைக் கட்டி சற்று அதிகமாக வருகிறது. கருத்தடை மாத்திரை புதிய கட்டிகள் உருவாகாமல் தடுக்கலாம். இருக்கிற கட்டியை அது விரைவில் கரைத்துவிடுவதில்லை.

முட்டை வெளிப்பட்டபின் வெறுமையான பை, மஞ்சள் பிண்டமென்ற தற்காலிகச் சுரப்பியாக மாறி, சுமார் பதினான்கு நாள் உழைத்து, கரு தரிக்காவிட்டால் அழிகிறது. அக்குறுகிய காலத்துக்குள் புதிய இரத்தக் குழாய்கள் அதைச் சுற்றி அடர்த்தியாகப் படர்வதால், அவற்றுள் ஒன்று வெடித்துப் பையினுள்ளே உதிரம் தேங்குவது எளிது. மாதவிலக்குக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு, பளு தூக்கும்போதோ, விளையாடும்போதோ, தாம்பத்திய உறவின்போதோ, ஒரு பக்கத்தில் கத்தி செருகினாற்போல் சடக்கென்று எழுந்து, சில மணி நேரத்தில் மெல்லத் தணியும் வலிக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உடைந்த கட்டி பெரும்பாலோருக்கு வலி மாத்திரையோடும் ஓய்வோடும் தீர்ந்துவிடுகிறது. இருதய வால்வு மாற்றியவர்களைப் போல இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போருக்குக் குறிப்பாக உதிரப் பெருக்கு உயிருக்கு ஆபத்தாகலாம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தரித்த கர்ப்பம் வெடித்தாலும் வலி இப்படியேதான் இருக்கும். ஆதலால் மணமானவளா இல்லையா என்று தயங்காமல், பிள்ளை பெறும் வயதிலுள்ள எந்தப் பெண்ணும் இவ்வலியோடு வந்தால் வைத்தியர் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்கிறார். இதை அவமானமாகக் கருதிச் சண்டைக்கு வரும் தாய்மார் உண்டு. அந்தப் பரிசோதனை ஒழுக்கத்தைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது.

எல்லாவற்றிலும் கடுமையானது முறுக்கு. சூலகம், கருப்பையோடு ஒரு நாணாலும் இடுப்புச் சுவரோடு இன்னொரு நாணாலும் கட்டப்பட்டு, காம்பில் தொங்கும் காயைப்போல ஆடிக்கொண்டிருக்கிறது. அதனுள்ளே, பெரும்பாலும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட, கட்டி ஒன்று வளர்ந்து பாரமேறும்போது, திரும்பிப் படுக்கையிலோ குதிக்கையிலோ, சில சமயம் ஒன்றுமே செய்யாமலும்கூட, அது தன் காம்பின்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். காம்பினுள் ஓடும் இரத்தக் குழாய்களில், சுவர் மெலிந்த சிரைகள் முதலில் நசுங்குகின்றன. சுவர் தடித்த தமனி அப்போதும் நசுங்காமல் இரத்தத்தை உள்ளே செலுத்திக்கொண்டே இருக்கிறது. போகும் வழி அடைபட்டு வரும் வழி மட்டும் திறந்திருக்கையில் சூலகம் வீங்கிக் கறுக்கிறது. வீக்கம் முற்றியபின் தமனியும் அடைபட்டுச் சூலகம் மாளத் தொடங்குகிறது. வலது பக்கத்தில் இது அதிகமாக நேர்வதற்கு, இடது பக்கத்து இடத்தைப் பெருங்குடலின் வளைவு நிரப்பிக்கொண்டு சூலகத்தை ஆடவொட்டாமல் தடுப்பதே காரணமென்று கருதுகிறார்கள். வலது பக்கத்து வலி, வாந்தி, வியர்வை என்று வருகிறபடியால் குடல்வால் அழற்சியென்று மயங்கவும் இடமுண்டு. அலையலையாக வந்து போகும் வலியும், வலியோடு கூடவே எழும் வாந்தியும் இதன் அடையாளங்கள். முறுக்கு தானே சிறிது நெகிழ்ந்தால் வலி நின்றுவிடும், பெண்ணும் வேலைக்குப் போய்விடுவாள், மறுநாள் மறுபடியும் முறுக்கிக்கொள்ளும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேனில் ஓட்டம் தெரிகிறது என்பதனாலேயே முறுக்கில்லை என்று சொல்லிவிட முடியாது. தமனி கடைசியில்தான் அடைபடுகிறதல்லவா?

முற்காலத்து வைத்தியர்கள், கறுத்த சூலகத்தின் முறுக்கை அவிழ்த்தால் அதற்குள் உறைந்த இரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிடும் என்று அஞ்சி அதை வெட்டியெறிந்தார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கரிய நீலமாய், மாண்டுவிட்டதுபோல் தோன்றும் சூலகம்கூட, முறுக்கை அவிழ்த்து அப்படியே விட்டுவந்தால் பல பெண்களிடத்தில் மறுபடி உயிர்பெற்று முட்டையிடுவதை அனுபவத்தில் கண்டு, இன்று இளம்பெண்களுக்கு அவிழ்ப்பதையே முறையாகக் கொண்டிருக்கிறார்கள். ஆனால் சூலகத்தைக் காப்பது மணிக்கணக்கில் அமையும் காரியம், நாட்கணக்கில் அன்று. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும்வரை, தாசேக் கெலுகோரிலிருந்து தீவிலுள்ள பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளி பட்டர்வொர்த் துறையில் பெரிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று பெருநிலத்திலேயே செபராங் ஜெயா ஆஸ்பத்திரி இருக்கிறது, கெப்பாலா பத்தாஸில் இன்னும் அருகே ஒன்று இருக்கிறது. தூரம் குறைந்துவிட்டது, ‘காலையில் பார்க்கலாம்’ என்ற பேச்சுத்தான் குறைந்தபாடில்லை.

முறுக்கிக்கொள்வதில் முதன்மையானது டெர்மாய்டு என்னும் கட்டி. இதைத் திறந்து பார்த்த எவரும் மறக்கமாட்டார்கள்: மஞ்சள் நிறக் கொழுப்புக் குழம்பு, அதில் சிக்கிய நீண்ட தலைமயிர், சில சமயம் ஈறோடு கூடிய முழுப் பல்! பேய், பில்லி சூனியம், வயிற்றிலே தங்கிப்போன இரட்டைப் பிறவி என்றெல்லாம் கதை கட்டுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உண்மையில், விந்தின் துணையில்லாமலே, சூலகத்து முட்டைக் கரு ஒன்று தானாகப் பெருகத் தொடங்கி, தோல், மயிர், எலும்பு, நரம்பு என்று எதையும் ஆக்கவல்ல தன் இயல்பைத் தாறுமாறாக வெளிப்படுத்துவதே இது. கன்னிப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் வரும். அதில் எவ்விதப் பழியுமில்லை. பத்தில் ஒருவருக்கு இரு சூலகங்களிலும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து ஓசையின்றிக் கிடக்கும் இது, முறுக்கிக்கொள்ளும்போதோ, அரிதாக உடைந்து அந்தக் கொழுப்பு வயிற்றறையில் பரவிக் கடும் அழற்சியை மூட்டும்போதோதான் தன்னை அறிவிக்கிறது. புற்றாக மாறுவது நூற்றில் ஒன்றிரண்டு.

இதற்கு நேர்மாறான குணமுடையது சாக்லேட் கட்டி. கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தி மாதந்தோறும் உதிர்ந்து வெளியேறும் படலத்தைப் போன்றதொரு திசு, கருப்பைக்கு வெளியே முளைத்து, அங்கேயும் மாதந்தோறும் கசியும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற வியாதி சூலகத்தைப் பற்றும்போது, வெளியேற வழியில்லாத பழைய இரத்தம் பையில் தேங்கிக் கெட்டியான கபில நிறக் குழம்பாகிறது. அமெரிக்க வைத்தியர் ஜான் சாம்ப்சன் 1921-இல் இக்கட்டிகளை விவரித்து, விலக்குக் காலத்து உதிரம் கருக்குழாய் வழியே பின்னோக்கிப் பாய்ந்து திசுக்களை வயிற்றறையில் விதைக்கிறது என்ற கொள்கையையும் சில ஆண்டுகளில் வெளியிட்டார். பின்னோக்கிய பாய்ச்சல் பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்கிறது, வியாதியோ சிலருக்கே வருகிறது; ஆகையால் பரம்பரையும் நோயெதிர்ப்பும் இதில் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவரை, ஏறக்குறைய 19 கோடிப் பேரை, இவ்வியாதி பீடிக்கிறது.

இதன் வலி சடக்கென்று வருவதன்று. விலக்குக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி, விலக்கில் உச்சமேறி, ஆண்டுக்கு ஆண்டு நாட்கள் கூடி, மலங்கழிக்கும்போதும் கணவனோடு சேரும்போதும் உள்ளே ஆழமாய்க் குத்தி, கடைசியில் மாதத்தின் எல்லா நாட்களையும் விழுங்கிக்கொள்வது. கசியும் இரத்தத்தின் எரிச்சலால் சூலகம், கருப்பையின் பின்புறம், மலக்குடல் ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆயாவின் தீர்ப்பு மிகப் பெரிய கொடுமை செய்வது இந்த நோயாளிக்குத்தான். விலக்கு வலி பெரும்பாலான பெண்களுக்கு உண்டு என்பது உண்மையாதலால், பள்ளிக்கும் வேலைக்கும் போகவொட்டாத வலி யாருக்கும் இயல்பன்று என்ற இன்னோர் உண்மை அதன் பின்னே மறைந்துபோய், நோய் இன்னதென்று அறியவே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. ஹார்மோன் மருந்தால் அடக்கலாம்; சஸ்திர சிகிச்சையாலும் அகற்றலாம், ஆனால் கட்டியோடு நல்ல முட்டைகளும் போகுமாதலால், பிள்ளை வேண்டுவோருக்கு வைத்தியர் யோசித்தே கத்தியை எடுப்பார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சூலகத்தின் மேற்படலத்திலிருந்து எழும் கட்டிகளுள் நீர் நிறைந்ததும் கோழை நிறைந்ததும் என இருவகை; கோழை வகைதான் பூதாகாரமாக வளர்ந்து, சிறுநீர்ப்பையையும் குடலையும் அமுக்கித் தொல்லை தருவது. கிருமி தொற்றிச் சூலகமும் குழாயும் சேர்ந்து சீழ்க்கட்டியாகும்போது, காய்ச்சலும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் கூட இருக்கும். ஊரெல்லாம் பேசும் ‘பிசிஓஎஸ்’ இந்த அத்தியாயத்தைச் சேர்ந்ததன்று. 1935-இல் ஸ்டைன், லெவன்தால் என்ற இருவர் விவரித்த அந்நிலையில் காணப்படுபவை முதிராமல் நின்றுபோன நுண்பைகள். ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாத அவை வலிப்பதில்லை. பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்குக் கடும் வலி வந்தால், பழியை அதன்மேல் போட்டுவிட்டு இருந்துவிடாமல் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இத்தனை வகைகளையும் வயிற்றைத் திறக்காமல் பிரித்தறியும் வித்தை, ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் தொடங்கியது. உலோகத்தில் விரிசலைக் கண்டறியும் ஒலியலைக் கருவியை நோயாளிக்குப் பயன்படுத்தினால் என்ன என்று எண்ணிய கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்டு, 1955-இல், பெண்களின் வயிற்றிலிருந்து அப்போதுதான் எடுத்த சூலகக் கட்டிகளையும் கருப்பைக் கட்டிகளையும் மோட்டார் வண்டியின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு ரென்புரூ ஊரிலிருந்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலையார் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்கள். நீருள்ள கட்டியும் கெட்டியான கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. வயிற்றுப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணிக்கு இருந்தது பெரியதொரு சூலக நீர்க்கட்டியே என்று இக்கருவி காட்ட, கட்டியை எடுத்து அவர் பிழைத்தார். 1958-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் இது வெளிவந்தது. கர்ப்பிணிகளின் ஸ்கேன் என்று நாம் அறிந்திருப்பது, சூலகக் கட்டிகளோடு சேர்ந்தே பிறந்தது.

இன்றைய திரையில் சாதாரண நீர்க்கட்டி ஓரம் தெளிந்த கறுப்பு வட்டமாகத் தெரியும். இரத்தம் தேங்கியதில் மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். சாக்லேட் கட்டி முழுவதும் ஒரே சீரான சாம்பல் மூட்டமாக இருக்கும். டெர்மாய்டில் வெண்மையான மேடும் அதன் பின்னே நிழலும் விழும். மாதவிலக்கு நிற்காத பெண்ணின் எளிய நீர்க்கட்டி ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் மறுபடி பார்க்கவே தேவையில்லை என்றும், ஐந்து முதல் ஏழு வரை ஆண்டுக்கொருமுறை பார்த்தால் போதுமென்றும், அதற்கு மேற்பட்டதை மேலும் ஆராய வேண்டுமென்றும் பிரிட்டனின் மகப்பேற்று மருத்துவர் ராயல் கல்லூரி வழிகாட்டுகிறது. சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனை எண் உயர்ந்திருப்பதைக் கண்டு புற்றென்று அழுவோர், அது எண்டோமெட்ரியோசிஸிலும் விலக்குக் காலத்திலும்கூட உயரும் என்பதை அறிய வேண்டும். விலக்கு நின்றுபோன மூதாட்டிக்குப் புதிதாகக் கட்டியும் வயிற்று உப்புசமும் தோன்றினால் மட்டும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாமதம் கூடாது.

தாசேக் கெலுகோரின் அரசாங்கக் கிளினிக்கில், நாட்டின் மற்றக் கிளினிக்குகளைப் போலவே, குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கே போகும்போது, வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லாமல், கடைசி விலக்கு எந்தத் தேதி, வலி சடக்கென்று வந்ததா மெல்ல ஏறியதா, எந்தப் பக்கம், விலக்கோடு கூடிக் குறைகிறதா, வாந்தி உண்டா என்ற விவரங்களை எழுதிக்கொண்டு போங்கள். கட்டியின் வகையைப் பாதிக்குமேல் அதுவே சொல்லிவிடும். வலி திடீரென்று எழுந்து வாந்தியும் சேர்ந்தாலும், மயக்கம் வந்தாலும், தோள்பட்டை நொந்தாலும், கர்ப்பமாயிருக்கக்கூடும் என்ற ஐயமிருந்தாலும், கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் அந்த இரவே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்; வண்டி இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள்.